தோலும் என்பும்: ஒரு முகப்பரு மருந்தின் வரலாறு

1

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கப்பட்டிருக்கும் குறிப்புத்தாளை யாரும் வாசிப்புக்குரிய ஒன்றாகக் கருதுவதில்லை. எறும்பு வரிசை போன்ற எழுத்து, வாய்க்குள் அடங்காத பெயர்கள், முடிவில்லாத எச்சரிக்கைகள். பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். ஆயினும் அத்தாளிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எங்கோ யாரோ ஒருவரின் உடலில் நேர்ந்த ஒன்றின் பதிவு. அருஞ்சொல் ஒன்றின் பின்னால் மறைந்துள்ள வழக்கைத் தேடி உரையாசிரியர்கள் செல்வதைப் போல, இத்தாளின் ஒரு சொல்லுக்குப் பின்னாலும் நாம் சென்று பார்க்கலாம். இக்கட்டுரை பின்தொடரும் சொல் 'முதுகுவலி'.

மருந்தின் பெயர் ஐஸோட்ரெட்டினாயின். கட்டி கட்டியாகத் திரண்டு, சீழ் வைத்து, ஆறிய பின்னும் முகத்தில் குழிகளை விட்டுச் செல்லும் கடுமையான முகப்பருவுக்கு உட்கொள்ளத் தரப்படுவது. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'அக்யூட்டேன்' என்ற வணிகப் பெயரில் விற்பனைக்கு வந்தது. வேறெந்த மருந்துக்கும் அடங்காத பருக்கள் இதற்கு அடங்கின. இதன் குறிப்புத்தாள் உதடு உலர்தல், கண் உலர்தல், தோல் உரிதல் என்று பக்கவிளைவுகளை அடுக்குகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளை ஒடுக்கும் ஒரு மருந்து உதட்டை உலர்த்தும் என்பது எளிதில் விளங்கிவிடுகிறது. முகத்துக்காகத் தின்னும் மாத்திரையால் முதுகு ஏன் வலிக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடினால் நானூறு ஆண்டுகள் பின்னோக்கி, வட துருவத்துப் பனிவெளி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

2

1596ஆம் ஆண்டு, ஆசியாவுக்கு வடக்கு வழியாகக் கடற்பாதை தேடிச் சென்ற வில்லெம் பேரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமியின் கப்பல் நோவயா ஸெம்லியா தீவின் அருகே பனியில் சிக்கிக்கொண்டது. ஒதுங்கிய மரங்களைக் கொண்டு குடில் ஒன்றைக் கட்டி, மாலுமிகள் அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தனர். அவர்களுள் ஒருவரான கெரிட் டி வீர் நாட்குறிப்பு எழுதி வந்தார். 1597இல் அவர்கள் பனிக்கரடி ஒன்றைக் கொன்று அதன் ஈரலைச் சமைத்து உண்டனர். உண்டவர்கள் நோயுற்றனர். மூவர் நிலை மோசமாகி, தலை முதல் கால் வரை தோல் உரிந்து விழுந்தது. மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். துருவத்து மக்களோ பனிக்கரடியின் ஈரலைத் தொடாமலே இருந்து வந்தார்கள். காரணம் தெரியாமலே காக்கப்படும் விலக்குகளில் அதுவும் ஒன்று.

1912ஆம் ஆண்டு இறுதியில் தென் துருவத்தில் இன்னொரு நிகழ்ச்சி. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டக்ளஸ் மாசனும் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஸேவியர் மெர்ட்ஸும் தோழர் ஒருவரையும் உணவின் பெரும்பகுதியையும் பனிப்பிளவில் இழந்தனர். வண்டியிழுத்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றபடி அவர்கள் திரும்பி நடந்தனர். மென்மையாக இருந்ததால் நாய்களின் ஈரலையும் உண்டனர். தோல் உரிந்து, வயிறு கெட்டு, வலிப்பு கண்டு, மெர்ட்ஸ் 1913 ஜனவரியில் இறந்தார். மாசனின் உள்ளங்கால் தோல் அப்படியே கழன்று வந்தது. அதை மீண்டும் காலில் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்து உயிர் மீண்டார். நாய் ஈரலில் மிகுந்திருந்த விட்டமின் ஏ நஞ்சாகியிருக்க வேண்டும் என்ற விளக்கத்தை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர் 1969இல் முன்வைத்தனர். பட்டினியும் குளிருமே போதுமான காரணங்கள் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் பனிக்கரடியைப் பொறுத்தவரை ஐயமில்லை. 1943இல் ரோடால், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் கரடி ஈரலைச் சோதித்து, அதில் விட்டமின் ஏ பேரளவில் உள்ளதையும் நச்சுத்தன்மைக்கு அதுவே காரணம் என்பதையும் காட்டினர்.

3

அந்தப் பொருளுக்குப் பெயர் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில். 1913இல் அமெரிக்காவின் இரு வேறு ஆய்வுக்கூடங்களில், மெக்காலமும் டேவிஸும் ஒருபுறம், ஆஸ்போர்னும் மெண்டலும் மறுபுறம், வெண்ணெயில் எலிகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டனர். 1920 அளவில் அது 'விட்டமின் ஏ' ஆயிற்று. அதன் வேதிக் கட்டமைப்பை 1931இல் பால் காரர் வரையறுத்தார். 1937இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தச் சத்துக்கும் தோலுக்கும் உள்ள உறவு முதலில் குறைபாட்டின் வழியாகத்தான் தெரிய வந்தது. 1925இல் வோல்பேக், ஹோவ் என்ற இருவர், விட்டமின் ஏ இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் உள்ளுறுப்புப் படலங்கள் தடித்துக் கொம்புபோல் இறுகிவிடுவதைக் கண்டனர். 1931இல் சீனாவில் பணியாற்றிய ஃப்ரேஸியரும் ஹூவும் சத்துக்குறைவுற்ற மனிதர்களின் தோலில் மயிர்க்கால்கள் அடைபட்டு முள்முள்ளாகக் கிளம்புவதைப் பதிவு செய்தனர். 1933இல், இலங்கையில் பணியாற்றிய லூஷியஸ் நிக்கல்ஸ் இத்தகைய தோலுக்குத் தேரையின் தோல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்றைச் சூட்டி, 'இந்தியன் மெடிக்கல் கெஸட்' இதழில் எழுதினார். அந்நோய்க்கு வேறு சத்துகளின் குறைவும் காரணமாகலாம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

மயிர்க்கால் அடைபடுதல் என்பதுதான் முகப்பருவின் தொடக்கமும். ஆகவே, விட்டமின் ஏ கொடுத்தால் பரு ஆறுமா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 1943இல் ஸ்ட்ராம்ஃபியோர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் நாளொன்றுக்கு 1,00,000 அலகு வரை கொடுத்துப் பார்த்து, பயன் இருப்பதாக எழுதினார். கரடி ஈரலின் நச்சுத்தன்மைக்கு இதே சத்துதான் காரணம் என்று ரோடாலும் மூரும் எழுதியதும் அதே 1943. ஒரு சத்தின் இரண்டு முகங்களும் ஒரே ஆண்டில் அச்சேறின.

4

இதுவரை தோலைப் பற்றியே பேசினோம். எலும்பு எப்போது உள்ளே வந்தது?

எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேயர் நாய்க்குட்டிகளின் கணைநோயை ஆராய்ந்து புகழ் பெற்றவர். விட்டமின் ஏ இல்லாமல் வளரும் குட்டிகளின் எலும்புகள் முறைதவறிப் பருத்து நரம்புகளை நெரிப்பதை அவர் கண்டிருந்தார். குறைந்தால் இப்படி, மிகுந்தால்? 1950இல் ஜான் கேஃபி என்ற கதிர்ப்பட வல்லுநர், தாய்மார் அன்பு மிகுதியால் அளவுக்கு மீறி மீனெண்ணெய்ச் சத்து ஊட்டிய குழந்தைகளைப் பற்றி எழுதினார். அக்குழந்தைகள் கைகால் வலியால் அழுதன. படத்தில் எலும்பின் புறணி தடித்திருந்தது.

1952இல் மெல்லன்பி, கேம்பிரிட்ஜின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹானர் ஃபெல் என்ற பெண் அறிவியலாளருடன் இணைந்து, கோழிக்கருவின் கால் எலும்புக் குருத்தை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். வளர்ப்பு நீரில் விட்டமின் ஏ மிகுந்தபோது குருத்தெலும்பைத் தாங்கி நிற்கும் பசைப்பொருள் கரைந்து மறைந்தது. உணவு, ஈரல், குருதி என்ற இடைநிலை எதுவும் இல்லை. சத்து நேரே எலும்பின் மீது வேலை செய்தது. அடுத்த ஆண்டே அவர்கள் கோழிக்கருவின் தோலைக் கொண்டு அதே சோதனையைச் செய்தார்கள். இறுகி உலர வேண்டிய மேல்தோல், இறுகாமல் சளிப்படலம் போல மாறிற்று.

தோலும் எலும்பும் நம் மனத்தில் எவ்வளவு தொலைவில் உள்ளன! ஒன்று வெளியே தெரிவது, மென்மையானது, அழகின் இருப்பிடம். மற்றது உள்ளே மறைந்திருப்பது, வன்மையானது, இறப்புக்குப் பின்னும் எஞ்சுவது. ஆனால் விட்டமின் ஏ இந்த வேறுபாட்டை அறியாது. உயிரணு எதுவாக வளர வேண்டும், எப்போது முதிர வேண்டும் என்ற ஆணையை எடுத்துச் செல்லும் தூதுப்பொருள் அது. தோலுக்கும் அந்த ஆணை போகிறது, எலும்புக்கும் போகிறது. ஐஸோட்ரெட்டினாயின் அப்பொருளின் நெருங்கிய உறவு. முதுகுவலிக்கான வாய்ப்பு, மருந்து விற்பனைக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கண்ணாடிக் கலத்தில் தெரிந்துவிட்டது.

5

மருந்தின் பிறப்பு வரலாறு மாசற்றதன்று. இதன் மூத்த உடன்பிறப்பான ட்ரெட்டினாயின், பருவின் மேல் பூசும் களிம்பு. அமெரிக்காவில் 1971இல் ஒப்புதல் பெற்றது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஆல்பர்ட் க்ளிக்மன். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பெர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் உடல்களை ஆய்வுக்களமாக்கிக்கொண்ட தோல் மருத்துவர் அவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில டாலர்களுக்காகத் தங்கள் முதுகையும் கையையும் வாடகைக்கு விட்டவர்கள். அவர் சார்ந்திருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இலும், ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன.

உட்கொள்ளும் மருந்தான ஐஸோட்ரெட்டினாயினை 1955இலேயே ஸ்விட்ஸர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் உருவாக்கியிருந்தது. அங்குப் பணியாற்றிய வெர்னர் போலாக் 1970களின் தொடக்கத்தில் அது பருவுக்குப் பயன்படுவதை அறிந்தார். ஆனால் கருவிலுள்ள குழந்தையைச் சிதைக்கக்கூடியது என்ற அச்சம் குறுக்கே நின்றது. தாலிடமைட் என்ற தூக்கமருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்து, 1961இல் அம்மருந்து திரும்பப் பெறப்பட்ட நினைவு அப்போது ஐரோப்பாவில் ஆறாத புண். முகப்பரு மிகுந்து வருவதோ குழந்தை பெறும் வயதினருக்கு.

தயக்கம் அமெரிக்காவில் உடைந்தது. கேரி பெக், ஃப்ராங்க் யோடர் முதலியோர், மீன் செதில்போல் தோல் தடிக்கும் பிறவி நோய்க்கு இம்மருந்தைக் கொடுத்து 1976இல் முடிவுகளை வெளியிட்டனர். 1979இல் கடும் முகப்பருக் கொண்ட 14 பேருக்கு நான்கு மாதம் கொடுத்ததில் 13 பேருக்கு முகம் முற்றும் தெளிந்தது. மருந்தை நிறுத்திய பின்னும் பரு திரும்பவில்லை. மருத்துவ வரலாற்றில் இத்தகைய முடிவுகள் அரியவை. மூன்றே ஆண்டுகளில், 1982இல், அக்யூட்டேன் கடைக்கு வந்தது.

6

அஞ்சியது நடந்தது. 1983 முதலே ஊனமுற்ற பிறப்புகள் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. 1985இல் வெளியான ஆய்வு, கருவுற்ற நிலையில் மருந்து உட்கொண்ட 154 பேரைக் கணக்கெடுத்தது. 95 பேர் கருவைக் கலைத்தனர்; 12 கருக்கள் தாமே கலைந்தன; 26 குழந்தைகள் பெரிய குறையின்றிப் பிறந்தன; 21 குழந்தைகள் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் குறைகளோடு பிறந்தன. மருந்து நிறுத்தப்படவில்லை. கட்டுப்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின: 1988இல் கருத்தடுப்புத் திட்டம், 2006இல் மருத்துவர், மருந்துக்கடை, நோயாளி மூவரும் பதிவு செய்துகொள்ள வேண்டிய முறை. 2009இல் ரோஷ் நிறுவனம் அமெரிக்காவில் அக்யூட்டேன் என்ற பெயரை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. மருந்து மட்டும் வேறு பல பெயர்களில் உலகெங்கும் தொடர்கிறது, இந்தியா உட்பட.

இப்பெருந்துயரின் நிழலில் சிறிய துன்பங்கள் மறைந்துபோவது இயற்கை. ஒரு மருந்து கருவைச் சிதைக்கும் என்று தெரிந்த பிறகு, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லும் பையனின் குரல் யார் காதிலும் விழாது.

7

இருந்தும் ஒரு காது கேட்டது. 1983இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழி'ல் பிட்ஸ்லி என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியாயிற்று. சேர்ந்து எழுதியவர் ஃப்ராங்க் யோடர். இம்மருந்தின் முதல் வெற்றியை அறிவித்தவர்களுள் ஒருவர். தோல் தடிக்கும் நோய்க்காக நெடுங்காலம் இதை உட்கொண்டவர்களின் முதுகெலும்பில் புதிய எலும்பு முளைத்திருப்பதை அக்கட்டுரை காட்டியது. கணுக்களை இணைக்கும் தசைநார்களில் சுண்ணம் படிந்து, முனைகள் கூர்ந்து, பாலம்போல் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்திருந்தன. 1950இல் ஃபோரஸ்டியே என்ற பிரெஞ்சு மருத்துவர் முதியோரின் முதுகில் கண்டு எழுதிய மாற்றம் இது. இப்போது இளையோரின் முதுகில் தெரிந்தது. தான் கொண்டாடிய மருந்தின் குறையைத் தானே எழுதிய யோடரின் செயலை இவ்வரலாற்றின் மிக நேர்மையான இடமாகக் கருதுகிறேன்.

அந்நோயாளிகள் உட்கொண்ட அளவு கூடுதல், காலம் ஆண்டுக்கணக்கில். முகப்பருவுக்கோ வழக்கமாக 15 முதல் 20 வாரம். ஒரு முறை உட்கொண்டவர்களின் கதிர்ப்படங்களிலும் மிகச்சிறிய எலும்பு முளைப்புகள் காணப்பட்டதாகக் குறிப்புத்தாள் கூறுகிறது. ஆனால் வலி என்பது படத்தில் தெரிவதோடு முடிவதில்லை. படத்தில் ஒன்றுமில்லாமலும் முதுகு வலிக்கும். பதின்வயதினர் பற்றிப் பிற்காலக் குறிப்புத்தாளில் சேர்ந்த எண்கள் இவை: 358 பேரில் 104 பேருக்கு, அதாவது 29 விழுக்காட்டினருக்கு, முதுகுவலி. அந்த 104 பேரில் 14 பேருக்குக் கடும் வலி. 79 பேருக்கு மூட்டுவலி. முதுகுவலி பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது.

இந்த எண்களை வாசிக்கும் முறை ஒன்று உண்டு. பத்தில் மூவருக்கு மருந்தால் முதுகுவலி வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பதினைந்து வயதில் முதுகு வேறு காரணங்களாலும் வலிக்கும். புத்தகப் பை போதும், விளையாட்டு போதும். மருந்து உண்ணாத அதே வயதினரில் எத்தனை பேருக்கு வலித்தது என்ற ஒப்பீட்டு எண்ணைக் குறிப்புத்தாள் பக்கத்தில் தருவதில்லை. மறுபுறம், 'எல்லாருக்கும் வலிப்பதுதான்' என்று தள்ளிவிடவும் முடியாது. பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் முதுகுவலி மிகுதி என்று அதே தாள் சொல்கிறது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் தொடர்ந்து செய்திகள் வந்துள்ளன. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு அது தணிந்திருக்கிறது. இத்தகைய வலிக்கு ஒரு குணம் உண்டு: ஓய்வெடுத்தால் குறையாது, பின்னிரவில் விழிக்க வைக்கும், காலையில் விறைப்பாகத் தொடங்கி நடமாட நடமாடத் தளரும். உழைப்பால் வரும் வலி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்.

8

'கூடும்' என்ற ஒரு துணைவினையின் மேல்தான் மருந்தின் குறிப்புத்தாள் முழுவதும் நிற்கிறது. முதுகுவலி ஏற்படக்கூடும். இலக்கணம் கற்பிக்கும்போது இச்சொல்லை வாய்ப்புப் பொருள் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். வாழ்க்கையில் அது இரு வகையாகத் தவறாக வாசிக்கப்படுகிறது. அஞ்சுபவர் 'கூடும்' என்பதை 'வரும்' என்று வாசித்து, பயன் தரவல்ல மருந்தை விட்டு ஓடுகிறார். ஆசைப்படுபவர் அதை 'வராது' என்று வாசித்து, வந்த வலியையும் மறைக்கிறார்.

இரண்டாமவரே நம்மிடையே மிகுதி. கல்லூரி ஆசிரியனாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பதினெட்டு வயது முகங்களை எதிரே வைத்துப் பேசி வருகிறேன். கடும் பரு கொண்ட மாணவர்கள் கடைசி வரிசையைத் தேர்ந்துகொள்வதையும், பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கத் தயங்குவதையும் அறிவேன். 'வயசுக்கோளாறு, தானாப் போயிடும்' என்று பெரியவர்கள் சொல்வது அவர்கள் துன்பத்தைச் சற்றும் குறைப்பதில்லை. ஆகவே இம்மருந்தை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் தெளிந்து வரும்போது, அதற்கு விலையாக வரும் முதுகுவலியை வெளியே சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஒரு பெண் வாய்மூடி இருந்தால், அதையும் புரிந்துகொள்ள முடிகிறது. பெண்ணின் முகத்தைப் பலர் பார்க்கிறார்கள். அவளது முதுகுவலி அவளுக்கு மட்டுமே தெரிந்தது. இடுப்பு வலிக்கிறது என்று அவள் சொன்னாலும், மாதாந்திர வலி என்றோ வேலைக்குச் சோம்பல் என்றோ வீடு அதற்குப் பொருள் சொல்லிவிடுகிறது.

ஆனால் சொல்லத்தான் வேண்டும். சொன்னவர்கள் இருந்ததால்தான் அந்த 104 என்ற எண் இன்று தாளில் இருக்கிறது. வலியைக் கேட்ட மருத்துவர் அளவைக் குறைக்கலாம், சில காலம் நிறுத்தலாம், தேவையானால் படம் எடுத்துப் பார்க்கலாம், அல்லது வலிக்குக் காரணம் வேறு என்று கண்டு மருந்தைத் தொடரவும் செய்யலாம். இம்மருந்தோடு விட்டமின் ஏ மாத்திரையையும் சேர்த்து விழுங்குவது கூடாது. சத்துதானே என்று நினைப்பவர்கள் மெர்ட்ஸின் கதையை நினைவில் கொள்ளலாம்.

இதே சத்தின் வேறொரு கதையும் தமிழ் மண்ணில் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழகத்தில் 15,419 சிறு குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு முறை 8,333 அலகு விட்டமின் ஏ கொடுத்து, ஓராண்டுக்குப் பின் 1990இல் முடிவை வெளியிட்டனர். அச்சத்தைப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. ஒருபுறம் துருவத்தில் ஆளைச் சாய்த்ததாகக் கருதப்படும் பொருள். இன்னொருபுறம் நம் ஊர்ப் பிள்ளைகளைச் சாவிலிருந்து மீட்ட பொருள். இடையில் இருப்பது அளவு மட்டுமே. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம் எந்த மூலிகையையும் பெயர் சொல்லாமல், பெரும்பகுதியும் மிகுதி குறைவு பற்றியும் உண்ணும் அளவு பற்றியுமே பேசிச் செல்கிறது. அதன் இறுதிக் குறள்கள் மருத்துவத்துக்குரிய உறுப்புகளை எண்ணும்போது நோயாளியையும் அவற்றுள் ஒன்றாகவே வைக்கின்றன. மருந்தை எழுதித் தருபவருக்குப் பங்கு உண்டு. தன் உடலில் நடப்பதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர் நோயாளிதான். அவர் சொல்லாத வலியை எந்தக் குறிப்புத்தாளும் அறியாது.